கையால் எழுதுவதா, காட்சி எடிட்டரா: சிறிய சொந்த இணையதளத்துக்கு வழி தேர்வது எப்படி?

எழுதுபவர் யார் என்று சொல்லும் ஒரு பக்கம், செய்த வேலைகளின் பட்டியல், சில கட்டுரைகள், சில படங்கள், தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி. சொந்த இணையதளம் அமைக்க நினைப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது இவ்வளவே; விற்பனையோ உறுப்பினர் பதிவோ அவற்றைத் தாங்கும் தரவுத்தளமோ அங்கே கிடையாது. இத்தகைய தளத்தை இரண்டு வழிகளில் அமைக்கலாம். எது தலைப்பு, எது பத்தி என்று குறிச்சொற்களால் அடையாளமிடும் எச்டிஎம்எல், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் ஆகியவற்றை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் நாமே தட்டச்சு செய்து எழுதுவது ஒரு வழி. எழுத்தையும் படத்தையும் திரையில் வேண்டிய இடத்தில் மவுஸால் இழுத்து வைத்துவிட்டு, அதற்குரிய குறிமொழியை எழுதும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிடுவது மற்றொரு வழி. இப்படி வேலை செய்யும் மென்பொருளைத்தான் இங்கே காட்சி எடிட்டர் என்று குறிப்பிடுகிறேன்.

இவற்றில் எது எளிது என்ற கேள்விக்கு யோசிக்காமலே விடை சொல்லிவிடலாம்: முதல் நாளில் காட்சி எடிட்டர்தான் எளிது. ஆனால் சொந்தத் தளத்தின் ஆயுளில் முதல் நாள் மிகச் சிறிய பகுதி. வேலை மாறும், மின்னஞ்சல் முகவரி மாறும், பழைய படம் கூச்சம் தரத் தொடங்கும். ஆகவே, வழியைத் தேர்வதற்கு முன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: தளத்தை அமைத்து மூன்று ஆண்டுகள் அதைத் தொடாமலே இருந்துவிட்டு, ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டியிருக்கும்போது, எந்தக் கோப்பை எந்த மென்பொருளில் திறப்பீர்கள்? அந்த மென்பொருள் அன்று இருக்குமா? இந்த வழிகாட்டியில் வரும் யோசனைகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

இந்த இரு வழிகளும் வலையின் தொடக்கத்திலிருந்தே உடன் இருப்பவை. 1990-இல் செர்ன் ஆய்வகத்தில், வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்க மட்டுமின்றி அதே சாளரத்தில் திருத்தவும் உதவியது. காட்சி எடிட்டரின் மூதாதை என்று அதைச் சொல்வதில் தவறில்லை. அதன் பிறகு பரவலான உலாவிகள் படிப்பதற்கு மட்டுமே பயன்பட்டதால், திருத்துவதற்கென்று தனி மென்பொருள்கள் வந்தன. மைக்ரோசாஃப்ட் 1996-இல் விலைக்கு வாங்கிய ஃப்ரண்ட்பேஜ், 1997-இல் மேக்ரோமீடியா வெளியிட்ட ட்ரீம்வீவர், ஆப்பிள் 2006-இல் கொண்டுவந்த ஐவெப், அடோபியின் மியூஸ் என்று பட்டியல் நீளமானது. இவற்றில் ஃப்ரண்ட்பேஜ் 2006-இல் கைவிடப்பட்டது. ஐவெப்பில் அமைத்த தளங்களுக்கு இடமளித்துவந்த மொபைல்மீ சேவை 2012-இல் மூடப்பட்டது. மியூஸுக்கான ஆதரவு 2020-இல் முடிந்தது. ஐவெப்பிலும் மியூஸிலும் வேலை செய்தவர்களிடம் வெளியான பக்கங்கள் எஞ்சியிருந்தாலும், அவற்றைப் பழையபடி திருத்த உதவும் மூலக் கோப்பு அந்தந்த மென்பொருளுக்கு மட்டுமே புரியும் வடிவில் இருந்தது. மறுபுறம், 1990-களின் தொடக்கத்தில் செர்னில் எழுதப்பட்ட முதல் வலைப்பக்கத்தின் பிரதி இன்றைய கைபேசி உலாவியிலும் ஒரு குறையும் இல்லாமல் திறக்கிறது. அதை நோட்பேடிலும் திறந்து திருத்தலாம்.

இதைக் கொண்டு கையால் எழுதுவதே சிறந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. சொந்தப் பக்கங்களுக்கு இலவசமாக இடம் தந்துவந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது, குறிச்சொற்களைக் கையாலேயே எழுதியவர்களும், சொந்தக் கணினியில் பிரதி வைத்துக்கொள்ளாதிருந்தால், தங்கள் பக்கங்களை இழந்தார்கள். எழுதும் முறையைக் காட்டிலும், எழுதி முடித்த கோப்பு கடைசியில் யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

காட்சி எடிட்டர்கள் எல்லாம் ஒரே வகை அல்ல

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் காட்சி எடிட்டர்கள் மூன்று வகையாகப் பிரிகின்றன. முதல் வகை, உங்கள் கணினியில் நிறுவப்பட்டு, உங்கள் கோப்புறையிலேயே எச்டிஎம்எல் கோப்பை எழுதி வைப்பது. ட்ரீம்வீவரும், மொசில்லா மரபில் வந்த சீமங்கி கம்போசர், கொம்போசர், புளூகிரிஃபன் போன்றவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் செய்த பக்கத்தை நாளைக்கே வேறொரு எடிட்டரில் திறந்து கையால் திருத்தலாம். ஆகவே இந்த வகையைத் தேர்ந்தவர் கையால் எழுதும் வழியை இழந்துவிடுவதில்லை. கொம்போசர் போன்ற சிலவற்றின் வளர்ச்சி நின்று நெடுங்காலம் ஆகிவிட்டதால், தேர்வதற்கு முன் கடைசிப் பதிப்பு எந்த ஆண்டில் வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகை, விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், வீப்லி, கூகுள் சைட்ஸ் போன்று உலாவிக்குள்ளேயே இயங்கும் சேவைகள். இங்கே வடிவமைப்பும் உள்ளடக்கமும் அவர்களுடைய சர்வரில்தான் இருக்கின்றன. சேவைக்குச் சேவை விதிகள் மாறுபடும். விக்ஸில் அமைத்த தளத்தை அப்படியே எடுத்துச் சென்று வேறிடத்தில் வைக்க வழியில்லை; ஸ்குவேர்ஸ்பேஸ் உள்ளடக்கத்தின் ஒரு பகுதியை வேர்ட்பிரஸ் ஏற்கும் வடிவில் எடுத்துத் தருகிறது. எந்தச் சேவையாக இருந்தாலும், கணக்குத் தொடங்கும் முன்பே அதன் உதவிப் பக்கங்களில் ‘ஏற்றுமதி’ பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். டெம்ப்ளேட்டுகளின் அழகைப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பார்த்து மயங்கிய பிறகு யாரும் இதைச் செய்வதில்லை.

மூன்றாவது, வேர்ட்பிரஸ். 2003-இல் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருளில், 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து, பத்தி, படம், தலைப்பு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களாக அடுக்கும் எடிட்டர் இருக்கிறது. உள்ளடக்கத்தை வெளியே எடுக்கலாம், வேறு சர்வருக்கு மாற்றலாம். ஆனால் அது பின்னணியில் பிஎச்பி என்னும் நிரல்மொழி, தரவுத்தளம் ஆகிய இரண்டையும் ஓட்டுகிறது. அவற்றையும், கூடுதல் வசதிகளுக்காகச் சேர்க்கும் செருகுநிரல்களையும் தொடர்ந்து புதுப்பிக்காவிட்டால் அத்துமீறிகளுக்குக் கதவைத் திறந்து வைத்ததாகிவிடும். மாதம் ஒரு கட்டுரையாவது எழுதுபவருக்கு இந்தப் பராமரிப்பு பொருட்டாக இருக்காது. ஐந்து பக்கங்களை எழுதிவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பவருக்கு அது வீண் சுமை.

கையால் எழுதுவதற்கு உண்மையில் எவ்வளவு தெரிய வேண்டும்?

கையால் எழுதுவது என்றதும் பலர் நிரல் எழுதுவதை நினைத்துப் பின்வாங்குகிறார்கள். எச்டிஎம்எல்லில் கணக்கீடு இல்லை, நிபந்தனை இல்லை, சுழற்சி இல்லை. இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று எழுத்தின் மேல் அடையாளம் இட்டுச் செல்வதுதான் அதன் முழு வேலை. எளிய சொந்தத் தளம் ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு குறிச்சொற்களை வைத்துக்கொண்டே கட்டி முடிக்கலாம்.

ஒரு பக்கத்தின் எலும்புக்கூட்டைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். முதல் வரி, இது எச்டிஎம்எல் ஆவணம் என்று அறிவிக்கிறது. இந்த வரி விடுபட்டால் உலாவி பழங்கால விதிகளுக்குத் திரும்பி அளவுகளை வேறுவிதமாகக் கணக்கிடத் தொடங்கும். அடுத்து வரும் தொடக்கக் குறிச்சொல்லில் பக்கத்தின் மொழி தமிழ் என்பதைக் குறிப்பிட வேண்டும். திரைவாசிப்பான்கள் எந்த மொழியின் குரலில் படிப்பது என்று தீர்மானிப்பது இதைக் கொண்டுதான். பிறகு, வாசகர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் மூன்று செய்திகள் கட்டாயம் இடம்பெற வேண்டும்: எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்பது, திரையின் அகலத்துக்கேற்பப் பக்கத்தை விரிக்க வேண்டும் என்னும் வியூபோர்ட் அறிவிப்பு, உலாவித் தாவலில் தெரியும் பெயர்.

இந்த மூன்றில் முதல் இரண்டையும் மறந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் புதிதாக எழுதுபவர்களை அதிகம் அலைக்கழிப்பவை இவைதாம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. குறியாக்கம் அறிவிக்கப்படாமல், உலாவி அதை ஒற்றை பைட்டு முறை என்று தவறாக ஊகித்தால், ஒவ்வொரு குறியும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறி, பக்கம் முழுவதும் பொருளற்ற குப்பையாகத் தெரியும். வியூபோர்ட் அறிவிப்பு இல்லையென்றால், கைபேசி உலாவி அந்தப் பக்கம் பெரிய திரைக்காக எழுதப்பட்டது என்று எண்ணி, ஏறத்தாழ 980 பிக்சல் அகலத்தில் அதை வரைந்து, பிறகு உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிக் காட்டும், எழுத்துகள் எறும்புகளாகிவிடும். ஒவ்வொரு வரி சேர்த்தால் இரண்டும் சரியாகிவிடும்.

உடற்பகுதியில் முதல்நிலைத் தலைப்பு ஒன்று, தேவையான துணைத் தலைப்புகள், பத்திகள், பட்டியல்கள், படங்கள், இணைப்புகள். படத்துக்கு மூன்று துணைச் செய்திகளைத் தர வேண்டும். அதன் அகலத்தையும் உயரத்தையும் சொல்லிவிட்டால், படம் இறங்கும் வரை அதற்குரிய இடத்தை உலாவி ஒதுக்கி வைத்திருக்கும்; படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்காது. மூன்றாவதாக, படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரை, பார்வையற்ற வாசகருக்காக.

சிஎஸ்எஸ் கோப்பு பத்து வரிகளில் அடங்கிவிடும். உரையின் அகலத்துக்கு ஓர் உச்சவரம்பு, பக்கவாட்டில் இடைவெளி, எழுத்துரு, எழுத்தின் அளவு, வரியின் உயரம், படங்கள் திரையைத் தாண்டாதிருக்க ஒரு விதி, இணைப்புகளின் நிறம். தமிழில் எழுதுபவர் இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நம் எழுத்துகளில் மேலே வளையும் இகர ஈகாரக் குறிகளும் கீழே இறங்கும் உகர ஊகாரக் கொம்புகளும் இருப்பதால், ஆங்கில உரைக்குப் போதுமான 1.4 அல்லது 1.5 மடங்கு வரி உயரம் நமக்கு நெருக்கடியாகத் தெரியும், 1.7-இலிருந்து தொடங்குங்கள். உரையை இருபுறமும் சமன் செய்யும் விதியையும் தவிர்த்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைபேசியின் குறுகிய வரியில் மூன்று சொற்களே இருக்கும்போது அவற்றை இரு ஓரங்களுக்கும் இழுத்து நிறுத்தினால் நடுவில் பெரும் வெற்றிடங்கள் விழும்.

தட்டச்சு செய்ய நோட்பேடே போதும். நோட்பேட்++, விஎஸ் கோட் போன்றவை குறிச்சொற்களை நிறம் பிரித்துக் காட்டுவதால் பிழை உடனே கண்ணில் படும். வேர்ட் போன்ற சொற்செயலிகள் மட்டும் வேண்டாம். நேர் மேற்கோள் குறிகளை அவை தாமாகவே வளைந்த குறிகளாக மாற்றிவிடும்; அந்த வளைந்த குறியை உலாவி எல்லைக்குறியாக ஏற்காமல் முகவரியின் பகுதியாகவே எடுத்துக்கொள்வதால், எழுதியவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தும் இணைப்பு மட்டும் வேலை செய்யாது.

பிழைகளைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. குறிச்சொல்லை மூட மறந்தாலும் உலாவி பக்கத்தைக் காட்ட மறுப்பதில்லை. அதிகம் போனால் பாதிப் பக்கம் தடித்த எழுத்தில் தெரியும். எங்கே தவறு என்று கண்ணால் பிடிபடாவிட்டால், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இலவசச் சரிபார்ப்பான் வரி எண்ணோடு சொல்லிவிடும். அது காட்டும் பட்டியலில் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். மீதியில் பல, முதல் பிழையின் எதிரொலிகளாக இருக்கும்.

உலாவியிலேயே எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் கருவிப்பலகையைக் கையால் எழுதுபவர்கள் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு பத்தியைச் சுட்டினால், அதன் மேல் செயல்படும் சிஎஸ்எஸ் விதிகள் பலகையில் வரிசையாகத் தெரியும். நிறத்தையோ இடைவெளியையோ அங்கேயே மாற்றி, விளைவை அந்தக் கணமே பார்க்கலாம். காட்சி எடிட்டரின் பெரிய வசதி என்று சொல்லப்படும் உடனடித் தோற்றம் இங்கே செலவில்லாமல் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பக்கத்தைப் புதுப்பித்தவுடன் அந்த மாற்றங்கள் மறைந்துவிடும். பிடித்துப்போன அளவை உடனே கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

கையால் எழுதுபவரின் உண்மையான தலைவலி

குறிச்சொற்களைக் கற்பது அல்ல. ஒன்றையே பல இடங்களில் எழுத வேண்டியிருப்பதுதான் உண்மையான தலைவலி. எல்லாப் பக்கங்களின் மேலும் ஒரே மெனு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பக்கங்கள் இருக்கும்போது மெனுவில் ஒரு சொல்லை மாற்றுவது ஐந்து கோப்புகளைத் திறந்து மூடும் வேலை. முப்பது பக்கங்கள் ஆனபின் அது ஒரு மாலைப்பொழுதைத் தின்றுவிடும்; எங்காவது ஒரு பக்கத்தில் பழைய மெனு தங்கியும் விடும். காட்சி எடிட்டர்கள் இந்த வேலையை ஓசையில்லாமல் செய்து முடிக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்குப் பல மருந்துகள் உண்டு. ஒரு கோப்புறையிலுள்ள எல்லாக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் தேடி மாற்றும் வசதி, நோட்பேட்++, விஎஸ் கோட் ஆகியவற்றில் இருக்கிறது. மாற்றுவதற்கு முன் கோப்புறையைப் பிரதி எடுத்துக்கொண்டு பயன்படுத்துங்கள். பக்கங்கள் பெருகும் என்று தெரிந்தால், ஜெக்கில், ஹியூகோ போன்ற நிலைத்தள உருவாக்கிகளை நாடலாம். மெனுவையும் அடிப்பகுதியையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டு, கட்டுரைகளை மார்க்டவுன் என்னும் எளிய வடிவில் எழுதினால், முழுத் தளத்தையும் சாதாரண எச்டிஎம்எல் கோப்புகளாக அவை அச்சிட்டுத் தரும். ஆனால் பத்துப் பக்கங்களுக்கு உட்பட்ட தளத்துக்கு நான் சொல்லும் வழி இவை எல்லாவற்றையும்விட எளியது: மெனுவையே நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ‘முகப்பு’ என்று ஒரே ஓர் இணைப்பு, முகப்பில் எல்லாப் பக்கங்களின் பட்டியல். புதிய பக்கம் சேர்க்கும்போது மாற்ற வேண்டியது முகப்பை மட்டும்தான்.

யாருக்கு எது?

உங்கள் தளம் பெரும்பாலும் எழுத்தால் ஆனது, பக்கங்கள் பத்துக்குள், திருத்துபவர் நீங்கள் ஒருவர் மட்டுமே, கணினி முன் உட்கார்ந்து வேலை செய்யும் பழக்கம் உண்டு என்றால், கையால் எழுதுங்கள். முதல் வாரத்தில் சில மணி நேரம் கூடுதலாகச் செலவாகும். அதன் பிறகு வரும் ஆண்டுகளில் அந்தத் தளம் உங்களிடம் எதையும் கேட்காது.

கைபேசியிலிருந்து மட்டுமே புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் காட்சி எடிட்டரைத் தேர்வதே அறிவு; கோண அடைப்புக்குறிகளைத் தொடுதிரையில் தேடித்தேடித் தட்டுவதைப் போல் எரிச்சலூட்டும் வேலை வேறில்லை. நூற்றுக்கணக்கான படங்களைப் பல அளவுகளில் அடுக்கிக் காட்ட வேண்டிய புகைப்படக்காரருக்கும், குறிச்சொற்களை அறவே விரும்பாத இன்னொருவரோடு சேர்ந்து தளத்தைப் பராமரிப்பவருக்கும், சில வாரங்களில் தேவை முடிந்துவிடும் நிகழ்ச்சிப் பக்கம் ஒன்றை உருவாக்குபவருக்கும் இதுவே பொருந்தும். வாசகர் நிரப்பி அனுப்பும் படிவம் அவசியம் வேண்டும் என்பவருக்கும் காட்சி எடிட்டர் சேவைகள் வேலையைக் குறைக்கும், ஏனெனில் படிவத்தைப் பெற்றுச் சேமிக்க சர்வர் பக்கத்தில் ஒரு நிரல் தேவை. எச்டிஎம்எல் மட்டும் அதைச் செய்யாது. இருப்பினும், சொந்தத் தளத்துக்கு வெறும் மின்னஞ்சல் முகவரியே போதும் என்பதும், படிவங்கள் பெரும்பாலும் விளம்பரக் குப்பையைத்தான் கொண்டுவருகின்றன என்பதும் என் எண்ணம்.

எந்தப் பக்கமும் சாய முடியாமல் நடுவில் நிற்பவர்கள், ஒரே பக்கத்தை இரண்டு வழிகளிலும் செய்து பார்க்கட்டும். உங்களைப் பற்றிய அறிமுகப் பக்கமே இதற்கு ஏற்றது. கையால் ஒன்று, காட்சி எடிட்டரில் ஒன்று. இரண்டும் முடிந்ததும் ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு இரண்டிலும் படத்தை மாற்றி, ஒரு பத்தியைச் சேர்த்து, ஓர் இணைப்பைத் திருத்திப் பாருங்கள். உருவாக்க எவ்வளவு நேரமானது என்பதைப் பார்க்க வேண்டாம். மறந்துபோன பிறகு திருத்த எவ்வளவு நேரமானது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு பக்கங்களையும் கைபேசியில் திறந்து பார்ப்பதும் இதில் அடங்கும்.

காட்சி எடிட்டர் எழுதியதைப் படித்துப் பார்த்தல்

காட்சி எடிட்டரைத் தேர்ந்தாலும், அது உங்கள் பெயரில் என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். பக்கத்தை உலாவியில் திறந்து, கன்ட்ரோல் விசையோடு யூ-வை அழுத்தினால் மூலம் தெரியும். உலாவிக்குள் உருவாகும் பக்கங்களை எஃப்12 பலகையில் பார்க்க வேண்டும். எல்லா வரியும் புரிய வேண்டியதில்லை. சில இடங்களை மட்டும் தேடினால் போதும்.

முதலில் தலைப்பு. திரையில் பெரிதாகத் தெரியும் தலைப்பு, மூலத்தில் உண்மையிலேயே தலைப்புக் குறிச்சொல்லுக்குள் இருக்கிறதா, அல்லது எழுத்தின் அளவு மட்டும் கூட்டப்பட்ட வெறும் பெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்லும் திரைவாசிப்பான் இரண்டாவதைத் தலைப்பாகவே அறியாது. தேடுபொறிக்கும் அது மற்றுமொரு பத்தியே. பெரும்பாலான எடிட்டர்களில் இதற்குக் காரணம் எடிட்டர் அல்ல, பயன்படுத்துபவர்: ‘தலைப்பு 1’ என்னும் பாணியைத் தேர்வதற்குப் பதிலாக எழுத்தின் அளவை 32 ஆக்கிவிடுகிறோம்.

அடுத்து, படங்களின் முகவரி. கணினியில் நிறுவிய எடிட்டரில் படத்தைச் செருகும்போது, கோப்பைச் சேமிக்கும் முன்பே செருகிவிட்டால், முகவரி சி டிரைவில் தொடங்கும் முழுப் பாதையாக எழுதப்பட்டுவிடக்கூடும். உங்கள் கணினியில் படம் அழகாகத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்தை முதலில் சேமித்து, படங்களையும் அதே தளக் கோப்புறைக்குள் வைத்துவிட்டுச் செருகினால் இந்தச் சிக்கல் எழாது. கையால் எழுதுபவருக்கும் இதே இடத்தில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது: விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளை வேறுபடுத்துவதில்லை, லினக்ஸில் இயங்கும் சர்வர் வேறுபடுத்தும். கேமரா, ஜேபிஜி என்னும் பின்னொட்டைப் பெரிய எழுத்தில் சேமித்திருக்க, நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால், வீட்டில் தெரிந்த படம் வெளியில் காணாமல் போகும். கோப்புப் பெயர்கள் அனைத்தையும் இடைவெளி இல்லாமல், சிறிய எழுத்துகளில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

மூன்றாவது, எழுத்துரு. டெம்ப்ளேட்டில் அழகாகத் தெரியும் எழுத்துரு பல வேளைகளில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே கொண்டது. தமிழ் எழுத்து வந்தவுடன் உலாவி, கணினியில் கிடைக்கும் வேறொரு எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். டெம்ப்ளேட்டின் அழகும் அங்கேயே கழன்றுவிடும். ஆகவே, மாதிரி உரையைப் பார்த்து டெம்ப்ளேட்டைத் தேராமல், உங்கள் சொந்தத் தமிழ்ப் பத்தி ஒன்றை அதில் ஒட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

பக்கத்தின் எடையையும் ஒருமுறை பாருங்கள். எஃப்12 பலகையின் நெட்வொர்க் பகுதி, பக்கம் திறக்க எத்தனை கோப்புகள் எவ்வளவு கொள்ளளவில் இறங்கின என்று காட்டும். ஆயிரம் தமிழ்ச் சொற்கள் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதைக் காட்ட எடிட்டரின் சேவை சில மெகாபைட் ஜாவாஸ்கிரிப்டை அனுப்புகிறது என்றால், அந்த வசதிக்கு விலை கொடுப்பவர் உங்கள் வாசகர். ஆனால் இந்தக் குற்றச்சாட்டைக் கையால் எழுதுபவரும் தாமாகவே சம்பாதித்துக்கொள்ளலாம்: கேமராவிலிருந்து எடுத்த 5 மெகாபைட் படத்தை அப்படியே செருகினால் போதும். 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிச் சேமித்தால் அது பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டுக்கு இறங்கிவிடும்.

எந்த வழியானாலும் டொமைன் உங்களுடையதாக இருக்கட்டும்

டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை, தளம் அமைக்கும் சேவையிடமிருந்து இலவச இணைப்பாகப் பெறாமல், தனியாக, உங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளுங்கள். முகவரி உங்களிடம் இருக்கும் வரை, அது சுட்டும் இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கையால் எழுதிய நிலையான பக்கங்களுக்குச் சர்வர் பெரிய செலவு வைப்பதில்லை. கிட்ஹப் பேஜஸ், 2013-இல் தொடங்கிய நியோசிட்டீஸ் போன்றவை இலவசமாகவே இடம் தருகின்றன. அங்கே கோப்புகளை ஏற்றும்போது, முதல் பக்கத்தின் பெயர் இண்டெக்ஸ் (index.html) என்று இருக்க வேண்டும். மூலப் பிரதி எப்போதும் உங்கள் கணினியில் இருக்க வேண்டும். சர்வரில் இருப்பது அதன் நகல். சர்வரில் நேரடியாகத் திருத்தும் வசதி கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள். அவசரத்தில் அங்கே செய்த திருத்தத்தை, அடுத்த முறை வீட்டுப் பிரதியை ஏற்றும்போது நீங்களே அழித்துவிடுவீர்கள்.

காட்சி எடிட்டரில் தொடங்கிப் பிறகு கைக்கு மாற நினைப்பவர்கள், எடிட்டர் எழுதிய குறிமொழியைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். அடுக்கடுக்கான பெட்டிகளை ஒவ்வொன்றாக உரித்தெடுப்பதைவிட, புதிய எலும்புக்கூடு ஒன்றை எழுதி, உரையை மட்டும் பழைய பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டுவது விரைவில் முடியும். ஒட்டும்போது வடிவமைப்பு இல்லாத வெறும் உரையாக ஒட்டுங்கள். படங்களைப் பழைய தளத்திலிருந்து இறக்காமல், சுருக்கப்படாத மூலப் படங்களைத் தேடி எடுங்கள். பழைய பக்கங்களின் முகவரிகளைப் பட்டியலிட்டு, புதிய கோப்புகளுக்கும் முடிந்தவரை அதே பெயர்களையே வையுங்கள். மாறியே ஆக வேண்டிய முகவரிகளில், புதிய இடத்துக்கு இணைப்புத் தரும் இரண்டு வரிப் பக்கம் ஒன்றை விட்டுவையுங்கள். புதிய தளம் ஏறி, எல்லா இணைப்புகளையும் ஒருமுறை சொடுக்கிப் பார்த்து, டொமைனும் புதிய இடத்தைச் சுட்டத் தொடங்கி ஓரிரு வாரங்கள் ஆன பிறகே பழைய சேவையின் கணக்கை மூட வேண்டும்.